பின்னாலிருந்து கூப்பிடாத வீடு

கல்யாணமாகி மொரப்பூர்ப் பக்கம் வந்த மறு வாரமே நான் ஓட ஆரம்பித்துவிட்டேன். உடம்பைக் குறைக்க அல்ல. என் கணவர் சாப்பாட்டு டப்பாவை அடுப்படியிலேயே வைத்துவிட்டு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார். நான் டப்பாவோடு வாசலுக்கு வந்து "என்னங்க" என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், மாமியார் ஓடி வந்து என் வாயைப் பொத்தினார்.

"கெளம்புறவங்கள பின்னாலேர்ந்து கூப்புடக் கூடாது கண்ணு."

"அப்ப டப்பா, அத்தை?"

"சந்துல பூந்து ஓடு. புளியமரத்துக்கிட்ட போயி எதுர்ல நில்லு. எதுர்ல நின்னு குடுத்தா ஒன்னும் தப்பில்ல."

புதுப் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சந்துக்குள் கட்டியிருந்த இரண்டு மாடுகளைத் தாண்டி, புளியமரத்தடிக்குப் போய் மூச்சிரைக்க நின்றேன். அவர் ஆற அமர வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. "டப்பாவா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இந்தப் பழக்கம் எங்கும் உள்ளதுதான். இண்டூரில் என் பிறந்த வீட்டிலும் உண்டு. ஆனால் அங்கே யாராவது மறந்து கூப்பிட்டுவிட்டால், "அட, கூப்ட்டுட்டியா" என்று சலித்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த வீட்டில் அது சட்டம். கூப்பிட்டுவிட்டால் கிளம்பியவர் திரும்பி வர வேண்டும், உட்கார வேண்டும், ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகுதான் மறுபடி கிளம்பலாம். மாமனார் இருந்த காலத்தில் ஒருமுறை சேலத்துக்குப் போக ஸ்டேஷனுக்குக் கிளம்பியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னாலிருந்து "எங்க, தூரமா?" என்று கேட்டுவிட்டார். மாமனார் திரும்பி வந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. "அன்னைக்கு அந்தத் தண்ணியாலதான் தப்பிச்சாரு" என்று மாமியார் இன்றைக்கும் சொல்வார். எதிலிருந்து தப்பித்தார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அந்த ரயில் நல்லபடியாகத்தான் சேலம் போய்ச் சேர்ந்தது.

இந்த வீட்டில்தான் என் நாத்தனார் ஒரு சைக்கிள் வீராங்கனையாக வளர்ந்தாள். ரோட்டில் ஓட்டுகிற சைக்கிள் இல்லை. வட்டமான தளத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டுகிற பந்தய சைக்கிள். அதற்கு ப்ரேக் கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் நிற்காது, பெடல் நம் காலையும் சேர்த்துச் சுற்றும். அதை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டு வந்தபோது மாமியார் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "கடக்காரன் ப்ரேக்கு வெக்க மறந்துட்டானா? போயி கேளுடி" என்றாராம்.

அவளுக்கு ஒரு வேலை வேண்டும். சீருடை போட்ட வேலை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அதே ஆசை. விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க மாநில அளவில் ஒரு பதக்கம் தேவைப்பட்டது. தனியாக ஓட்டும் பந்தயங்களில் இரண்டு மூன்று முறை நாலாவதாக வந்தவள் அவள். நாலாவதாக வருகிறவளுக்கு எல்லோரும் கை தட்டுவார்கள், பதக்கம்தான் கிடைக்காது. வயது வரம்பு முடிய அந்த ஒரு வருடம்தான் மிச்சம். அணியாக ஓட்டும் பந்தயத்தில் வாய்ப்பு இருக்கிறது என்று அதில் இறங்கினாள். அதற்கு நாலு பேர் வேண்டும். இவள், பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பெண், தீர்த்தமலை அடிவாரத்திலிருந்து வரும் ஒரு உயரமான பெண், இன்னொருத்தி. அந்த இன்னொருத்தி ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். இவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்க காலேஜ்ல சைக்கிள் ரேஸ் ஓட்டுனீங்கதானே?"

"ஓட்டுனேன். அது அந்தக் காலம்."

"எங்களுக்கு ஒரு ஆளு கொறையுதுங்க அண்ணி."

இவள் எனக்கு 'ங்க' போட்டுப் பேசினால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று பொருள். சாதாரண நாளில் "அண்ணி, நவுரு" என்றுதான் சொல்வாள். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். துடுப்பைக் கையில் பிடித்தபடி நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சரி, முடியலன்னா திட்டக் கூடாது" என்றேன்.

"திட்டுவன்" என்றாள்.

மாமியாரிடம் அனுமதி கேட்கப் போனோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வுழுந்து கைய ஒடச்சிக்கிட்டா களி யாரு கிண்டுறது?" என்று கேட்டார். என் கணவர் "நான் கிண்டுறம்மா" என்றார். அதைக் கேட்ட பயத்திலேயே விழாமல் ஓட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

காற்றுக்கு ஒளிந்து ஓட்டுவது எனக்குப் புதிதில்லை. இண்டூரிலிருந்து தர்மபுரிக் கல்லூரிக்கு சைக்கிளில் போகும்போது வைக்கோல் லாரி வந்தால் எனக்குக் கொண்டாட்டம். லாரியின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்று காணாமல் போய்விடும். காதில் கேட்கும் இரைச்சல் நின்று, கால் தானாகச் சுற்றும். தலைமுடி முழுவதும் வைக்கோலோடு வகுப்பில் போய் உட்காருவேன். யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

அணிப் பந்தயமும் அதே வித்தைதான், லாரிக்குப் பதிலாக ஆள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர். அவர் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்: "காத்து ஒரு செவுரும்மா. மொதல்ல போறவ அத இடிக்கிறா. அவ இடிச்ச ஓட்டைக்குள்ள மத்தவங்க பூந்து போறீங்க. இடிச்சவ களச்சதும் ஒதுங்கி வரிசையில கடைசிக்கு வந்துரணும். அடுத்தவ இடிக்கட்டும்." நாலு பேரும் மாற்றி மாற்றி இடித்துக்கொண்டே போனால், தனியாக ஓட்டுகிற எந்தச் சூரப்புலியையும்விட வேகமாகப் போகலாம். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவளால் முன்னால் போகிறவளுக்கும் கொஞ்சம் லாபம் உண்டாம். முதுகுக்குப் பின்னால் சுழன்று அவளைப் பின்னுக்கு இழுக்கிற காற்றை இவள் உடம்பு அடைத்துவிடுகிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. சும்மா ஒளிந்துகொண்டு போகிறோம் என்ற கூச்சம் போய்விட்டது.

இன்னொரு விதி உண்டு. எங்கள் கதையே அதில்தான் இருக்கிறது. கடிகாரத்தை நிறுத்துவது முதலில் வருகிறவள் இல்லை, மூன்றாவதாக வருகிறவள். நாலாவது ஆள் நடுவிலேயே களைத்து விலகிவிடலாம், குற்றமில்லை. ஆனால் மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தொடும் நேரம்தான் அணியின் நேரம். முதல் இருவர் பறந்து போய் என்ன பயன்? எங்கள் திட்டத்தில் பென்னாகரத்துப் பெண் பாதிப் பந்தயத்துக்குள் தன் பலம் முழுவதையும் முன்னால் நின்று கொட்டிவிட்டு விலகிக்கொள்வாள். உயரக்காரியும் என் நாத்தனாரும் கடைசிவரை இழுப்பார்கள். மூன்றாவது ஆள் நான். அவள் வேலை என் சக்கரத்தில் தொங்கியது.

மாவட்ட மைதானத்து மண் தளத்தில் பயிற்சி செய்தோம். மைதானம் கிடைக்காத நாட்களில் தீர்த்தமலை ரோட்டில் என் கணவரின் மொபெட்டுக்குப் பின்னால். அவர் பால் கேன்களைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார், நாங்கள் இருவரும் சாதாரண சைக்கிளில் அந்தக் கேன்களுக்குப் பின்னால் ஒளிந்து போவோம். ஆடி மாதம். மரவள்ளிக் காட்டைத் தாண்டினால் மறைப்பே இல்லாத வெட்டவெளி. காற்று பக்கவாட்டில் வந்து ஆளைத் தள்ளும். "எங்கண்ணன் பொறந்ததுலேர்ந்து உருப்படியா செஞ்ச ஒரே காரியம், காத்த மறைச்சதுதான்" என்றாள் நாத்தனார். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். எங்களுக்கு நாக்கு தள்ளிவிட்டது.

முன்னால் போகிறவளின் பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கலாம், அதற்கு மேல் போனால் காற்று நடுவில் புகுந்துவிடும். ப்ரேக் இல்லாத சைக்கிளில் ஒரு சாண் தூரத்தில் இன்னொருத்தியின் சக்கரத்தை நம்பிப் போவது லேசான காரியமில்லை. ஏழெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் என் நாத்தனாரின் முதுகை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. களைக்கப் போகிறாள் என்றால் இடது தோள் சற்றே ஏறும். கோபமாக இருந்தால் கழுத்து விறைக்கும். அவளோடு பேசித் தெரிந்துகொண்டதைவிட அந்த முதுகு எனக்கு அதிகம் சொன்னது.

இழுத்துக்கொண்டு போகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் சைக்கிள் கோணும், பின்னால் இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். அதனால் பின்னால் யாருக்காவது இடைவெளி விழுந்துவிட்டால், அவள்தான் சத்தமாக "கேப்!" என்று கத்த வேண்டும். முன்னால் இருப்பவள் ஒரு நொடி காலைத் தளர்த்துவாள், பின்தங்கியவள் ஒட்டிக்கொள்வாள். மைதானத்தில் எங்களுக்கு இந்தத் தொல்லையே இருக்கவில்லை. ஆசிரியர் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்து, விசிலை ஊதி, அவரே "கேப்! கேப்!" என்று கத்திவிடுவார். நான் ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை. அது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

போட்டிக்கு உடம்போடு ஒட்டிய உடை வேண்டும். துணி படபடத்தால் காற்று பிடித்துக்கொள்ளும். எங்களுக்குக் கிடைத்த உடைகள் தொளதொளவென்று இருந்தன. ஊரில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பவர் என் மாமியார். "இத இப்டியே போட்டுக்கிட்டுப் போனா சாக்குப் பைல பூந்த மாரி இருக்கும்" என்று நாலையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். அழகுக்காகத்தான் செய்தார், காற்றுக்காக இல்லை. ஆனால் அவர் பிடித்த பிடியில் எங்களுக்கு மூச்சு விடவே இடமில்லை. "மூச்சு விட்டா தையல் பிரிஞ்சிரும்கா" என்று பென்னாகரத்துப் பெண் பயந்துபோய்ச் சொன்னாள்.

போட்டி சென்னைப் பக்கம். மாமியாரும் கூட வந்தார். நாங்கள் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது வழியில் யாரும் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் வந்தார் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். தெருமுனைவரை எங்களுக்குப் பின்னாலேயே, காவல் காத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நடந்தார். ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் எதிரே என் கணவர் நின்றுகொண்டிருந்தார், கையில் ஹெல்மெட் பை. வீட்டிலேயே மறந்துவிட்டோம். அவர் கூப்பிடாமல், ஏரிக்கரை வழியாக மொபெட்டில் சுற்றி வந்து, எங்களுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். பையை நீட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! பழைய டப்பாக் கடனைத் தீர்த்துவிட்டாராம்.

சைக்கிள் தளத்தைப் பார்த்ததும் எங்களுக்கே பகீரென்றது. திருப்பங்களில் சிமென்ட் தரை சுவர் போல எழும்பி நின்றது. "இதென்னடி, திருவிழாவுல மரணக் கெணறு சுத்துவானே, அதாட்டம் இருக்குது" என்றார் மாமியார். பிறகு என்னைப் பார்த்து, "கண்ணு, நீ ஓரமா ஓட்டு" என்றார். அதில் ஓரம் எது என்று எனக்கு விளங்கவில்லை.

முதல் நாள் தகுதிச் சுற்று. அணிகள் ஒவ்வொன்றாகத் தனியாக ஓட்டி நேரம் காட்ட வேண்டும். முதல் இரண்டு அணிகள் தங்கத்துக்கு மோதும், மூன்றாவதும் நாலாவதும் வெண்கலத்துக்கு. நன்றாகத்தான் ஆரம்பித்தோம். பென்னாகரத்துப் பெண் சொன்னபடி இழுத்துவிட்டு மேலே ஏறி விலகினாள். உயரக்காரி முன்னால், அடுத்து நாத்தனார், கடைசியில் நான். உயரக்காரிக்கு உற்சாகம் பீறிட்டது போலிருக்கிறது, திடீரென்று வேகம் கூட்டினாள். நாத்தனார் கூடவே போய்விட்டாள். எனக்கு அந்த ஒரு சாண் ஒரு முழமானது. முழம் ஒரு ஆள் நீளமானது. அதுவரை இல்லாத காற்று என் மார்பில் வந்து மோதியது. ஆசிரியர் ஒரே இடத்தில்தான் நிற்கலாம் என்று விதி. அவர் தளத்தின் மறுபக்கத்தில் இருந்தார்.

கத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வாயையும் திறந்தேன். எதிரே நாத்தனாரின் முதுகு. வாழ்க்கையில் அவள் கிளம்பியிருக்கிற ஒரே காரியத்துக்கு, அவள் வேலைக்கு, அந்த முதுகு போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து கூப்பிட என் நாக்கு எழவில்லை. மாமியார் என் வாயைப் பொத்தியது போலவே இருந்தது. வாயை மூடிக்கொண்டு, முழுக் காற்றையும் தனியாக வாங்கிக்கொண்டு மிதித்தேன். அவர்கள் இருவரும் கோட்டைத் தாண்டி வெகுநேரம் கழித்து நான் போய்ச் சேர்ந்தேன். அதுதான் எங்கள் அணியின் நேரம்.

நாலாவது இடம், மயிரிழையில். மறுபடியும் நாலு. நல்லவேளையாக வெண்கலத்துக்கு இன்னொரு ஓட்டம் மிச்சமிருந்தது.

நாத்தனார் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "கேப் வுழுந்தப்ப ஏன் அண்ணி கத்தல? வாயத் தொறந்தா முத்தா உதுந்துடும்?"

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூச்சே வரவில்லை, இதில் இவள் வேறு. "எப்டிடி கத்துறது? நீ வேலைக்குன்னு கெளம்பி வந்துருக்க. பின்னாலேர்ந்து ஒன்ன எப்டிக் கூப்புடுறது?"

அவள் என்னை முறைத்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிமென்ட் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உயரக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாச்சுக்கா? என்னாச்சு?" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒருத்தியின் பல வருட உழைப்பை ஒரு சொம்புத் தண்ணீர் விஷயத்தில் கவிழ்க்கப் பார்த்தேனே என்று கண்ணில் நீரும் வந்துவிட்டது.

"இதுக்கு ஒருத்தருதான் தீர்ப்பு சொல்லணும்" என்று சொல்லி என் கையைப் பிடித்து மாமியாரிடம் இழுத்துப் போனாள். அவர் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். சோற்றை அப்படியே வைத்துவிட்டு யோசித்தார். கை விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார்.

"நீங்க எங்கேர்ந்து ஓட்ட ஆரம்பிக்கிறீங்க?"

"அந்தக் கோட்லேர்ந்தும்மா."

"எங்க போயி முடிக்கிறீங்க?"

"அதே கோட்லதான்."

"அப்ப எங்கயும் போவலியே? கெளம்புன எடத்துக்கே வர்றதுக்குப் பேரு கெளம்புறதா? அதுல என்னா சகுனம்?" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ தாராளமா கூப்புடு கண்ணு. தொண்ட கிழியக் கூப்புடு" என்றார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "ஆனா முடிஞ்சதும் ரெண்டு பேரும் உக்காந்து தண்ணி குடிச்சிரணும்" என்று சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் வெண்கலத்துக்கான ஓட்டம். எதிரணி தளத்தின் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. முதல் சில சுற்றுகள் கனவு போலப் போயின. நாலு சக்கரங்களும் ஒரே நூலில் கோத்தது போல ஓடின. முன்னால் இழுத்துவிட்டு, திருப்பத்தில் மேலே ஏறி, வரிசை கீழே கடந்து போக, மறுபடி இறங்கிக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும்போது, அந்த வைக்கோல் லாரிக்குப் பின்னால் இருந்த அதே அமைதி. அவ்வளவு வேகத்தில் எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. பென்னாகரத்துப் பெண் உயிரைக் கொடுத்து இழுத்துவிட்டு விலகினாள். போகும்போது ஒரு தையல் பிரிந்து அவள் தோளில் துணி படபடத்ததைப் பார்த்தேன்.

கடைசிக்கு இரண்டு சுற்று இருக்கும்போது நாத்தனார் முன்னால் வந்தாள். அவள் கழுத்து விறைத்திருந்தது. மறுபக்கத்து அணி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போல. வேகத்தை ஏற்றினாள். உயரக்காரி ஒட்டிக்கொண்டாள். என் கால்கள் களிமண்ணாகிவிட்டன. ஒரு சாண் ஒரு முழமானது. காற்று வந்தது.

"கேப்" என்றேன். குரல் உதட்டைத் தாண்டவில்லை. தாண்டிய கொஞ்சத்தையும் காற்று பின்னால் அள்ளிப் போட்டுவிட்டது. முழம் ஒரு ஆள் நீளமாகிக்கொண்டிருந்தது. மாட்டுச் சந்து, புளியமரம், பட்டுப்புடவை எல்லாம் எனக்குள் வந்து நின்றன. அடிவயிற்றிலிருந்து, என் ஏழெட்டு வருட வாய்ப்பூட்டைப் பிய்த்துக்கொண்டு கத்தினேன்.

"கேப்!"

நாத்தனார் திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும், ஒரே ஒரு நொடி, தளர்ந்தது. உயரக்காரியின் சக்கரம் என்னை நோக்கி வந்தது. முழம் சாணானது. காற்று நின்றது. அந்த ஒரு நொடியை எனக்குக் கொடுக்க அவளுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று பிறகு நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஜெயிக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருப்பவள், முதுகுக்குப் பின்னால் கேட்ட ஒரு குரலை நம்பி, காலைத் தளர்த்தினாள். கோட்டை மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தொட்டோம்.

பலகையில் எண்கள் வர நேரமானது. எனக்குப் படிக்கத் தெம்பில்லை. உயரக்காரி கத்தியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மூச்சு விடும் நேர வித்தியாசத்தில் ஜெயித்திருந்தோம். நாத்தனார் சைக்கிளைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். இருவரும் வியர்வையில் வழுக்கினோம். பென்னாகரத்துப் பெண் பிரிந்த தையலோடு ஓடி வந்து எங்கள் மேல் விழுந்தாள். அதற்குள் மாமியார் கம்பித் தடுப்பைத் தாண்ட முயன்று ஒருவரிடம் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். அவர் கையில் வீட்டிலிருந்து கொண்டு வந்த எவர்சில்வர் சொம்பு. அதிகாரிகள் எல்லாம் பார்க்க, இருவரும் தரையில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதி குடித்தோம். பிறகுதான் பதக்க மேடைக்குப் போக விட்டார்.

அந்தப் பதக்கத்தோடு அவள் விண்ணப்பித்தாள். எழுதினாள், ஓடினாள், தாண்டினாள், காத்திருந்தாள். உத்தரவு வந்த அன்று வீட்டில் கோழி அடித்தோம். பயிற்சிப் பள்ளி வெகு தூரம். மாதக்கணக்கில் ஊருக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கிளம்பும் நாளில் மாமியார் யாரையும் பேச விடவில்லை. எல்லாவற்றையும் முன்னாலேயே கேட்டுச் சரிபார்த்துவிட்டார். சோப்பு இருக்கிறதா, போர்வை இருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா. "கெளம்புனப்பறம் ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது" என்று என் பையனைக்கூட மிரட்டி வைத்திருந்தார். என் கணவர் பெட்டியை மொபெட்டில் வைத்து பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் எடுத்துப் போய்விட்டார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அழுதால் அதுவும் சத்தம்தானே.

அவள் சந்து முனையைத் தாண்டினாள். அந்த முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். இடது தோள் ஏறியிருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். தூரம் கூடிக்கொண்டே போனது. தெருவின் மறுகோடியில் பஸ் வரும் சத்தம் கேட்டது.

"கேப்பு!"

தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியது என் மாமியார்.

நாத்தனார் நின்றாள். ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கி, சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் திரும்பி வந்தாள். சட்டப்படி வாசல் படியில் உட்கார்ந்தாள். சொம்பை எடுத்து வர நான் உள்ளே ஓடினேன்.

அடுப்படியில் சொம்பு இல்லை. திரும்பி வந்து பார்த்தேன். மாமியார் முந்தானைக்குள்ளிருந்து அதை எடுத்து மகளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். கழுத்து வரை தண்ணீர் நிரம்பியிருந்தது. அவள் அதை மெதுவாக, ஒவ்வொரு மடக்காக, குடித்தாள். பஸ் எங்களைத் தாண்டிப் போனது. மாமியார் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, "குடி, குடி, அவசரமில்ல" என்றார்.